நடுச்சுவரில் மாட்டிய டிவி

குமுளிக் கடையில் ஞானஜோதி விலையைக் கேட்கவில்லை, கம்பெனியைக் கேட்கவில்லை. சுவர் முழுக்கத் தொங்கிய டிவிகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு வயசுப் பிள்ள நின்னா இதுல முழுசாத் தெரியுமா?" என்றுதான் கேட்டாள்.

கடைக்காரனுக்கு இப்படி ஒரு கேள்வி புதிது. "நின்னா கஷ்டம்மா. படுத்தா தெரியும்," என்றான்.

கூடப் போயிருந்த சின்னத்தாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, கிடைத்த ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரன் பதறிப்போனான். ஞானஜோதி பதறவில்லை. சின்னத்தாயியின் சுருக்குப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, வாயில் வைத்து அமுக்கி, முதுகை நீவிவிட்டாள். பழகிய கை. மூச்சு அடங்கியதும் கடைக்காரன் பக்கம் திரும்பி, "இருக்கிறதுலயே பெருசு எதுவோ அதக் குடுங்க," என்றாள்.

வண்டிப்பெரியாற்றுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, அவர்கள் இருவரும் குடியிருந்தது ஒரே லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சேர்த்துக் கட்டிய வீடுகள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கம்பெனி கைமாறிக்கொண்டே இருந்ததே தவிர கூரை மாறவில்லை. மேல் வரிசைக்காரர்கள் பாதிப்பேர் பிள்ளைகளோடு கம்பம், தேனி என்று இறங்கிப் போய்விட்டார்கள். பூட்டிக்கிடந்த வீடுகளில் காட்டுப்பூனை குட்டி போட்டது. வரிசையின் கடைசி வீடு சின்னத்தாயியுடையது. அதற்கு முந்தினது ஞானஜோதியுடையது. ஞானஜோதிக்கு மறுபக்கம் பூட்டின வீடு.

ஞானஜோதி அந்த வீட்டிலேயே பிறந்து, அந்த வீட்டிலிருந்தே கொழுந்து பறிக்கப் போய், அந்த வீட்டுக்கே சூசையப்பனை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தவள். சூசையப்பன் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நல்ல மனுஷர், மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. ஒரே மகள் டின்சி. அவளை நர்சிங் படிக்கவைத்த பாட்டைச் சொன்னால் அது தனிக்கதை. டின்சி இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். கல்யாணம் முடிந்து பறந்தவள் இன்னும் திரும்பி வரவில்லை. பிள்ளை பிறந்தது அங்கே, ஞானஸ்நானம் நடந்தது அங்கே. ஜெஸ்னா என்று பெயர். ஞானஜோதி அந்தக் குழந்தையைத் தொட்டதே இல்லை. கைபேசியில் உள்ளங்கை அளவுக்குத்தான் பார்த்திருந்தாள், அதுவும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.

சின்னத்தாயியின் கதை இன்னும் சின்னது. கம்பத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பின புருஷனுக்கு இன்னும் திரும்பிவரப் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மகன் தனபால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பொங்கலுக்கு வருவான். அப்புறம் இளைப்பு. மழை இறங்கினால் இளைப்பும் இறங்கும்.

லயத்துக்குள் போன் எடுக்காது. கோயில் முக்கு வரைக்கும் ஏறினால்தான் ரேஞ்ச் கிடைக்கும். தகரக் கூரையில் மழை விழும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவருக்குக் கேட்கும். சின்னத்தாயி கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பு ஊதுகிற இரும்பு ஊதாங்குழலை வைத்திருப்பாள். மூச்சு முட்டினால் அதை எடுத்துச் சுவரில் மூன்று தட்டு. ஞானஜோதி இந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு தட்டினால், கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம்.

அதற்கும் ஒரு சட்டம் உண்டு. ஒருதரம் சின்னத்தாயி தட்டிவிட்டு, உள்ளே தாழ் போட்டபடியே மயங்கிவிட்டாள். ஞானஜோதி கோடரியால் கதவைப் பிளந்து, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம். பிழைத்து வந்தவளை ஞானஜோதி விட்டுவைக்கவில்லை.

"இந்தா பாருக்கா. நான் பதிலுக்குத் தட்டுனா நீ மறுபடி தட்டிக்கிட்டுக் கெடக்காத. மூச்ச வீணாக்காத. தாழ எடுத்துவிட்டுட்டு, செவுத்துல சாஞ்சு பேசாம உக்காரு. நான் வந்துருவேன்."

"நீ வருவன்னு என்ன நிச்சயம்?"

"வராம எங்க போவேன், அயர்லாந்துக்கா?"

அப்படிப் பேசின காலம் அது.

டிவி ஜீப்பில் வந்து இறங்கியபோது லயத்தில் மிச்சமிருந்த சனம் எல்லாம் கூடிவிட்டது. பெட்டி கதவுக்குள் நுழையாமல் அடம் பிடித்தது. பக்கவாட்டில் சாய்த்து, கதவையே கழற்றி, ஒருவழியாக உள்ளே கொண்டுபோனார்கள். மாட்டுவதற்கு வந்தவர் ஜிஜி, பீருமேட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். வீட்டைச் சுற்றிவந்தார். சுற்றிவர அங்கே என்ன இருக்கிறது, நின்ற இடத்தில் திரும்பினார் என்று சொல்வதுதான் சரி.

முன் சுவரில் ஜன்னல் இருந்தது. பின்சுவர் அடுப்படி மறைப்பு, பலகை. பூட்டின வீட்டுப் பக்கத்துச் சுவரில் அந்த வீட்டுக் கூரை ஒழுகி ஈரம் ஏறி, கையை வைத்தால் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் ஆள் குடியிருந்து, அடுப்பு எரிந்து, காய்ந்து கிடந்த சுவர் ஒன்றே ஒன்றுதான்.

"சேச்சி, இந்த நடுபித்திதான் கொள்ளாம்," என்றார் ஜிஜி, அந்தச் சுவர்தான் தோது என்று தட்டிக் காட்டி. "ஆனா உள்ள மண்ணு. ரெண்டு ஆணி பாரம் தாங்காது. பிளைவுட் பலகை அடிச்சு, அதுமேல டிவி மாட்டித் தரேன்."

ஞானஜோதிக்கு ஒரு நிமிஷம் மனசு இழுத்தது. "அது நாங்க தட்டுற செவுருங்களே," என்றாள்.

ஜிஜிக்குப் புரியவில்லை. சின்னத்தாயிக்குத்தான் அவசரம். "அட மாட்டச் சொல்லு புள்ள. டிவி வேணுமா, செவுரு வேணுமா? பலகைக்கு அங்கிட்டும் கேக்கத்தான செய்யும்."

மாட்டி முடித்ததும் சோதித்தும் பார்த்தார்கள். சின்னத்தாயி தன் வீட்டுக்குப் போய் ஊதாங்குழலால் தட்டினாள். சுவர் அதிர்ந்து, பலகை அதிர்ந்து, டிவி அதிர்ந்தது. சத்தம் குறையவில்லை. இடம்தான் மாறிப்போயிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது.

"யக்கா, நீ டிவிக்குள்ள உக்காந்திருக்க!" என்று ஞானஜோதி கத்தினாள். சுவருக்கு அந்தப்பக்கம் சின்னத்தாயி சிரிக்கிற சத்தமும் டிவிக்குள்ளிருந்தே வந்தது. ஜிஜியும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் கேபிள்காரர் நெட்டையும் இழுத்துக் கொடுத்தார். கைபேசியில் வருவதை டிவியில் காட்டும் வித்தையை ஜிஜி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஜெஸ்னா அந்தச் சுவரில் வந்து நின்றாள். முழுசாகத் தெரியவில்லை, முழங்கால் வரைக்கும்தான். ஆனால் முகம் ஒரு முகத்தின் அளவுக்கு இருந்தது. கன்னத்தில் கொசு கடித்த தழும்பு தெரிந்தது. ஞானஜோதி எழுந்துபோய் அந்தத் தழும்பைத் தடவினாள். கண்ணாடி சூடாக இருந்தது. அவ்வளவுக்கே அவள் அழுதுவிட்டாள். சின்னத்தாயியும் சேர்ந்து அழுதாள்.

குழந்தைக்கு அந்தப்பக்கம் என்ன விளையாட்டுக் காட்டுவது? பாட்டுப் பாடிப் பார்த்தாள், முகத்தை மூடித் திறந்து பார்த்தாள். கடைசியில் கைக்கு வந்தது அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை. டிவி ஓரத்துப் பலகையில் மூன்று தட்டுத் தட்டினாள். ஜெஸ்னா கையிலிருந்த கரண்டியால் மேஜையில் மூன்று தட்டித் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அதுதான் விளையாட்டு. குழந்தை தட்டும், அம்மாச்சி தட்டுவாள். அம்மாச்சி தட்டாவிட்டால் குழந்தை உதட்டைப் பிதுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சின்னத்தாயி, "நம்ம ரகசியத்தக் கடல் தாண்டி வித்துட்டியேடி," என்று இடுப்பில் இடித்தாள்.

கொஞ்ச நாள் இப்படிப் போயிற்று. மனுஷர்களுக்கு நல்லது நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிவதில்லை. டின்சியும் கெட்ட பெண் இல்லை, ராத்திரி ஷிப்ட் பார்த்துக் களைத்தவள். ஒரு நாள் சின்னத்தாயி உலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போயிருந்தாள். டின்சி சொன்னாள்:

"எம்மா, எந்நேரமும் அந்தப் பெரியம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்களே. எனக்கும் உங்கிட்டத் தனியாப் பேச நாலு விஷயம் இருக்காதா?"

கைபேசியில் சொல்லியிருந்தால் அது ஞானஜோதியின் காதோடு போயிருக்கும். இது பெரிய டிவி. சொன்னது நடுச்சுவர் முழுக்க ஒலித்தது.

உலை பார்க்கப் போனவள் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஞானஜோதி போய்க் கேட்டாள்.

"ஏங்க்கா வரல?"

"கண்ணு கூசுது புள்ள. அம்மாம்பெரிய வெளிச்சம்."

"பொய் சொல்லாதக்கா."

"சோறு தின்னியா? கீரை கடஞ்சிருக்கேன், எடுத்துட்டுப் போ."

கீரையை வாங்கிக்கொண்டு வந்தாள். மகள் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். கேட்டால் அந்த வார்த்தையை வாயால் சொல்ல வேண்டிவருமே என்று தள்ளிப்போட்டாள். நாளைக்கு, மலையில் கொழுந்து பறிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மலையில் மேஸ்திரி இருந்தார், ஆட்கள் இருந்தார்கள். நாளை என்பது நழுவிக்கொண்டே போயிற்று. இருவரும் பேசாமல் இல்லை. பேசினார்கள், ரேஷன் அரிசியைப் பற்றி, காலில் ஏறுகிற அட்டையைப் பற்றி. சாயங்காலம் மட்டும் அவரவர் வீட்டில் அவரவர். சுவரும் சும்மா இருந்தது.

ஜூன் மாசத்து இடவப்பாதி மழை பிடித்தது. அந்த மழை வந்தால் எஸ்டேட்டில் துணி காயாது, நெஞ்சும் காயாது. சின்னத்தாயி வேலைக்கு வராமல் நின்றாள். ஞானஜோதி காலையில் கஞ்சி கொண்டுபோய் வைப்பாள். "எப்படி இருக்குக்கா?" என்பாள். "இருக்கு," என்பாள் அவள்.

அப்படி ஒரு மழைநாளில் சாயங்காலம் டின்சி கூப்பிட்டாள். அங்கே மத்தியானம். ஜெஸ்னா சாப்பாட்டு மேஜையில் கரண்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். தட்டினாள். அம்மாச்சி தட்டினாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. மறுபடி கரண்டியை ஓங்கியது. ஓங்கின கையோடு படம் நின்றுவிட்டது.

மழை நாளில் அது வழக்கம்தான். நெட் இழுக்கும், படம் அப்படியே நிற்கும், பேச்சு மட்டும் வந்துகொண்டிருக்கும், அப்புறம் படமும் அசையும். ஞானஜோதி காத்திருந்தாள். கூரையில் மழை பேரிரைச்சல்.

டொக், டொக், டொக் என்று டிவிக்குள்ளிருந்து வந்தது.

"படம் நின்னுபோச்சு தங்கம். தட்டுறது மட்டும் கேக்குது," என்றாள் ஞானஜோதி. கரண்டியை ஓங்கியபடி உறைந்து நின்ற பேத்தியைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுபடி வந்தது. இந்தத் தடவை மெதுவாக, விட்டு விட்டு. பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தாள். பாவம், பதில் வராமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்குமே. எழுந்துபோய் பலகையில் மூன்று தட்டு, நன்றாக, அழுத்தித் தட்டினாள்.

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை.

"போதுமா? சரி, தூங்கு," என்று சொல்லி டிவியை அணைத்தாள். ஜெபமாலை சொன்னாள். கஞ்சி குடித்தாள். மழைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கஞ்சித் தூக்கோடு போனாள். கதவைத் தட்டக் கை வைத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. தாழ் போட்டிருக்கவில்லை. சின்னத்தாயி சுவரில் சாய்ந்து, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஊதாங்குழல் மடிக்குப் பக்கத்தில் ஒழுங்காகப் படுத்திருந்தது. உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

தனபால் திருப்பூரிலிருந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. எஸ்டேட் மயானத்தில் மழையோடு மழையாகப் புதைத்தார்கள். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இறைத்து இறைத்துப் புதைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும், இளைப்பு முற்றிப்போச்சு, யார் என்ன பண்ண முடியும் என்றார்கள். தனபால் ஞானஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மா ஒங்களக் கூப்புடலையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"கூப்புடலையேப்பா," என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ரோஷக்காரி. தட்டாமலே போயிட்டாளே."

அதை அவள் முழுசாக நம்பினாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட ரோஷத்தில், தட்டக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்து செத்திருக்கிறாள் என்று நம்பினாள். தாழ் திறந்திருந்ததற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள், காற்றுக்காகத் திறந்திருப்பாள் என்று. செத்தவள் மேல் கோபப்பட்டாள். மகள் மேல் அதைவிடக் கோபம். டின்சி கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காமல் விட்டாள். டிவிமேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள்.

தனபால் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். ஊதாங்குழலை மட்டும், "இது உங்ககிட்ட இருக்கட்டும் சித்தி," என்று கொடுத்துவிட்டுப் போனான். கம்பெனி ஆள் வந்து கடைசி வீட்டுக்குப் பூட்டுப் போட்டான்.

பதினாறு கழிந்த பிறகு டின்சியின் அழைப்பை ஞானஜோதி எடுத்தாள். சேலையை விலக்கி டிவியில் போட்டாள். முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"நீ அன்னிக்குச் சொன்னது அவ காதுல விழுந்துருச்சுடி. அதான் தட்டல. தட்டியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா? பக்கத்துலதான இருந்தேன், பாப்பாகூட வெளையாடிக்கிட்டு."

டின்சி அழுதாள். அழுகைக்கு நடுவே, "தெரியாமச் சொல்லிட்டேம்மா," என்றாள்.

"பாப்பா எம்புட்டு நேரம் தட்டிக்கிட்டு இருந்துச்சு! படம் நின்ன பெறகும் விடாமத் தட்டுச்சே. நானும் தட்டுனேன். அந்நேரம் அவ அங்க மூச்சுக்குத் தவிச்சிருப்பா. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தாக் கேட்டிருக்கும்."

டின்சி கண்ணைத் துடைத்தாள். "படம் நின்ன பெறகா? இல்லம்மா. படம் நின்னதுமே கட்டாயிருச்சு. நான் ரெண்டு மூணு தடவ கூப்ட்டேன், லைன் கெடைக்கல. பாப்பா அழுதா. தூக்கிட்டுப் போயித் தூங்க வச்சுட்டேன்."

"இல்ல, தட்டுச்சு. எங்காதால கேட்டேன். டிவிக்குள்ளருந்து..."

டிவிக்குள்ளிருந்து. யக்கா, நீ டிவிக்குள்ள உக்காந்திருக்க என்று கத்தியது அவள்தான்.

அந்தக் காலையில் சின்னத்தாயி வீட்டில் கண்டது ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. தாழ் திறந்திருந்தது. ஊதாங்குழல் ஒழுங்காகக் கிடந்தது. சுவரில் சாய்ந்து, கதவைப் பார்த்து, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ரோஷமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். பதிலும் கிடைத்திருக்கிறது, நன்றாக, அழுத்தமாக. அதை நம்பி, சொல்லிக்கொடுத்தபடியே எல்லாவற்றையும் செய்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள்.

"எம்மா? எம்மா, என்னாச்சு? படம் நின்னுருச்சா?" என்று டின்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மடியில் ஏறி ஜெஸ்னா முகத்தைக் காட்டினாள். வெகுநாள் கழித்து அம்மாச்சியைப் பார்த்த சந்தோஷத்தில் கரண்டியை எடுத்து மேஜையில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

ஞானஜோதி எழுந்தாள். கை பலகைப் பக்கம் போகவில்லை. "இந்தா வந்துட்டேங்க்கா," என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டி, தலையில் துணிகூடப் போடாமல் மழைக்குள் இறங்கினாள். கடைசி வீட்டுக் கதவில் கம்பெனிப் பூட்டுத் தொங்கியது. அதைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். வீட்டுக்குள் குழந்தை மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தது.